எண்ணெய் வழி

லேத் ஓடத் தொடங்கினால் லம்ரியாவின் அடுப்படி அலமாரியில் தட்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிணுகிணுக்கும். நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர்தான். இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் அவள் கணவன் சகாலாவின் பட்டறை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்றபடியே அவன் எதைக் கடைகிறான் என்று அவளால் சொல்லிவிட முடியும். வெண்கலம் என்றால் சத்தம் வழவழவென்று வரும். பழைய லாரி அச்சு இரும்பு என்றால் பல்லைக் கூசவைக்கும். வார்ப்பிரும்பு கடையும்போது சத்தம் அதிகமில்லை, ஆனால் கருந்தூள் பலகை இடுக்கு வழியாக வந்து சோற்றுப்பானை மூடிமேல் படியும்.

மலைமேல் தேயிலை ஆலையை மூடியபோது கழித்துப் போட்ட லேத் அது. மழையில் நனைந்து துருவேறிக் கிடந்ததை இங்கே கொண்டுவந்து சேர்த்தது லம்ரியாவின் அண்ணன் தும்பாக். தன் பெச்சாக் வண்டியின் கூண்டைக் கழற்றிவிட்டு, அதன் சட்டத்தில் லேத்தைத் துண்டு துண்டாகக் கட்டி, மலையிறங்கி வந்தார். அப்போது வண்டி முனகிய முனகலைப் பற்றிக் கள்ளுக்கடையில் அவர் இன்றும் சொல்வார்.

சியாந்தார் ஊரில் பெச்சாக் என்றால் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்தான். உலகப் போர் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன வண்டிகள். பக்கவாட்டில் ஆள் உட்காரவும் மூட்டை ஏற்றவும் ஒரு கூண்டு. அதைச் செய்த நாட்டுக்காரர்கள் என்றைக்கோ அதை மறந்துவிட்டார்கள். இங்கே அது தினமும் சந்தைக்குப் போய்வருகிறது. பாகம் தேய்ந்தால் வாங்குவதற்குக் கடை கிடையாது. லாரி பிஸ்டனைச் சிறிதாக்கி, லாரி அச்சிலிருந்து கிராங்க் பின் கடைந்து, வெண்கலக் குழாயிலிருந்து புஷ் கடைந்து, அந்த எஞ்சினை மறுபடி மறுபடி பிறக்கவைக்க வேண்டும். சகாலாவின் வேலை அதுதான்.

லம்ரியாவுக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. எஞ்சினை மூடும்போது இரண்டு உலோக முகங்களுக்கு நடுவே வைக்கிற அட்டை வளையங்களை அவள்தான் வெட்டுவாள். சகாலாவின் விரல்கள் தடித்தவை, கத்தரிக்கோல் வளையத்துக்குள் நுழையாது. அட்டையை முகத்தின்மேல் வைத்து, சுத்தியால் மெல்லத் தட்டி அச்செடுத்து, ஓரம் பிசிறில்லாமல் வெட்டி, இரண்டு பக்கமும் செம்பழுப்புப் பசையை விரலால் தடவி வைப்பாள். தடவியபின் எண்ணெய் கசியாது. ‘லம்ரியா மூடிய எஞ்சின் தரையை நனைக்காது’ என்று வண்டிக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போது அவள் கவனிக்காத மாதிரி இருந்துகொள்வாள்.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. அவள் மரவள்ளி இலையை உரலில் இடித்துக்கொண்டிருந்தாள். நனைந்து வந்து நின்றான் கொம்கொம். தும்பாக்கின் வண்டி நிறுத்தத்தில் நிற்கிற இன்னொரு பெச்சாக்காரன். பட்டறைக்குப் போகாமல் நேரே அடுப்படிக்கு வந்திருந்தான். அவள் உலக்கையை நிறுத்தினாள்.

“அக்கா, பயப்படாத. உயிருக்கு ஒண்ணுமில்ல” என்றான்.

ஆற்றுப் பாலத்து இறக்கத்தில், வெங்காய மூட்டைகளோடு வந்துகொண்டிருந்த தும்பாக்கின் எஞ்சின் ஒரே அடியாக இறுகிவிட்டது. பின்சக்கரம் சுழல மறுத்து, வண்டி ஈரத் தார்ச்சாலையில் பக்கவாட்டில் வழுக்கி, பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதி நின்றது. சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் அவர் கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. ஆற்றுத் தண்ணீரில் வெங்காயம் மிதந்து போகிறது என்றான் கொம்கொம். சொல்லிவிட்டு, அதை ஏன் சொன்னோம் என்பதுபோல் நின்றான்.

அந்த எஞ்சினைச் சகாலா பிரித்துச் சேர்த்துக் கொடுத்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

கரோ மலையிலிருந்து வந்த எலும்பு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். அவர் எண்ணெய் தடவி இழுத்தபோது தும்பாக் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. லம்ரியா அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சகாலா வாசலில் நின்றான். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, அவனும் வரவில்லை.

பேச்சு காப்பிக்கடையில்தான் முளைத்தது. சதுரங்கப் பலகையைச் சுற்றி நின்றவர்களில் யாரோ, புது பிஸ்டனை இறுக்கமாகக் கடைந்திருப்பான், சூடேறியதும் பிடித்துக்கொண்டது என்றார்கள். அங்கே உட்கார்ந்திருந்த சகாலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. புதிதாகக் கட்டிய எஞ்சினைச் சில வாரம் பாரமில்லாமல் மெதுவாக ஓட்டச் சொல்லி அனுப்பினேன், மறுநாளே மூட்டை ஏற்றினால் இரும்பு என்ன செய்யும் என்று கேட்டுவிட்டான். அவன் கோப்பைக் காப்பி ஆறுவதற்குள் அந்தச் சொல் தும்பாக்கின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. காலை உடைத்துவிட்டு, உடைந்தது அவர் தப்புதான் என்றும் சொல்கிறானா என்று அந்த வீடு கொதித்தது.

பெண் கொடுத்த வீட்டாரிடம் இப்படிப் பேசிவிட்டு யாரும் அந்த ஊரில் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது. தும்பாக்கின் மனைவி ரோந்தாங் ஆளனுப்பிச் சொன்னாள்: பன்றிக்கறி சமைத்து எடுத்துக்கொண்டு முறைப்படி வந்து நின்று மன்னிப்புக் கேட்கட்டும். அதுவரை அந்த வீட்டு மனிதர் யாரும் எங்கள் படியேற வேண்டாம்.

யாரும் என்பதில் லம்ரியாவும் அடக்கம்.

சகாலா மன்னிப்புக் கேட்கவில்லை. “கறி எடுத்துட்டுப் போனா தப்பு என்னுதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. இந்த ஊர்ல ஓடுற வண்டில பாதி என் கை பட்டது. நாளைக்கு ஒவ்வொருத்தனும் இறக்கத்துல இறங்கும்போது என்னை நெனச்சுப் பயப்படணுமா?”

“அப்ப தப்பு உங்களுது இல்லையா?”

“இல்ல.”

“பாக்காம எப்படிச் சொல்றீங்க நவுலி அப்பா?”

அவன் எழுந்து பட்டறைக்குப் போனான். நவுலி அவர்கள் மகள். மேடான் நகரில் படிக்கிறாள். அவள் விடுமுறைக்கு வந்தால் மாமா வீட்டில்தான் முதல் சாப்பாடு. இந்த முறை எங்கே சாப்பிடுவாள் என்று லம்ரியா யோசித்தாள். பிறகு தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, படியேறக்கூடாது என்று சொன்ன வீட்டுக்குப் போனாள்.

படியேறவில்லை. முற்றத்தில் நின்றாள். நசுங்கிய வண்டியைத் தார்ப்பாயால் மூடி வைத்திருந்தார்கள். ரோந்தாங் வெளியே வந்து, கறி எங்கே என்று பார்ப்பதுபோல் அவள் கைகளைப் பார்த்தாள்.

“எஞ்சினக் குடுங்க மதினி. பிரிச்சுப் பாத்தாத்தான் என்னன்னு தெரியும்.”

“பிரிக்கப் போறது யாரு? உன் புருஷன். அவனே உடைச்சுட்டு அவனே தீர்ப்பும் சொல்லுவானாக்கும்.”

உள்ளேயிருந்து தும்பாக்கின் குரல் வந்தது. வலியில் அது மெலிந்திருந்தது. “குடுத்து விடு. ஆனா அவன் தனியாப் பிரிக்கக் கூடாது. லம்ரி பக்கத்துல நிக்கட்டும். அவ பாத்தத பாத்தபடி சொல்லுவா. சின்னதுல இருந்தே அவளுக்குப் பொய் வராது.”

கொம்கொம் எஞ்சினைத் தன் கூண்டில் வைத்துக் கொண்டுவந்து பட்டறை மேசையில் இறக்கினான்.

சகாலா அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். துணியால் துடைத்தான், போல்ட்டுகளைத் தளர்த்தினான், ஒவ்வொன்றையும் தகர டப்பாவில் போட்டான். லம்ரியா விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். சிலிண்டரை மேலே இழுத்தான். பிஸ்டன் வெளியே வந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். அதன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. அன்றைக்குக் கடைந்து வைத்ததுபோல் சாம்பல் நிறத்தில் மெல்லிய பளபளப்பு.

சகாலா நிமிர்ந்தான். “பாத்தியா” என்றான். பல நாட்களுக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. “பாத்துக்க. இதையும் போய்ச் சொல்லு.”

ஆனால் பிஸ்டனைத் தாங்கி நிற்கும் கம்பி அசையவில்லை. அவன் இழுத்தான், அசைத்தான். அது அடியில் எதையோ கவ்விக்கொண்டு நின்றது. சிரிப்பு போய்விட்டது. கிராங்க் பெட்டியை இரண்டாகப் பிளந்தான். உள்ளே இருந்து தீய்ந்த வாசனை வந்தது, அடுப்பில் மறந்துவிட்ட வாணலிபோல. கம்பியின் அடிப்பகுதி கவ்வுகிற கிராங்க் பின்னைச் சுற்றியிருந்த உருளைகள் சூட்டில் நீலம் பாய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.

“எண்ணெய் போகல” என்றான் மெதுவாக. அவளிடம் அல்ல.

எண்ணெய்த் தொட்டியில் எண்ணெய் இருந்தது. குழாய் சுத்தமாக இருந்தது. பெட்டியின் அடியிலிருந்த பம்பைக் கழற்றி விரலால் சுற்றினான், நன்றாகவே சுற்றியது. பம்பு உட்காருகிற முகத்தில் எண்ணெய் மேலே ஏறுவதற்கு ஒரு துளை. அரிசி நுழையுமளவுதான் இருக்கும். விளக்கை இன்னும் கிட்டே கொண்டுவரச் சொன்னான். ஊசியை உள்ளே விட்டு நெம்பினான். செம்பழுப்பு நிறத்தில் தோல் மாதிரி ஒன்று சுருண்டு வெளியே வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

லம்ரியா விளக்கை மேசைமேல் வைத்தாள்.

பசை. அவள் தடவிய பசை. போன தடவை அந்தப் பம்படியில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் கசிகிறது என்று தும்பாக் எல்லாருக்கும் முன்னால் அவளைக் கேலி செய்திருந்தார். அதனால் இந்த முறை, அண்ணன் வண்டியாயிற்றே என்று, வழக்கமான பூச்சுக்கு மேல் இன்னொரு பூச்சுப் பூசினாள். வேறு யார் எஞ்சினுக்கும் அப்படிச் செய்ததில்லை. இறுக்கியபோது பசை உள்ளே பிதுங்கியிருக்கிறது. சில நாள் தாங்கியிருக்கிறது. பிறகு உரிந்து துளையை அடைத்துக்கொண்டது.

சகாலா கையை மூடிக்கொண்டான். “என் வேலைதான்” என்றான்.

“நான் பூசினது.”

“மூடுறதுக்கு முன்னால பாக்க வேண்டியது யாரு? பட்டறை யாருது? நான் பேசிக்கிறேன். நீ வாயத் திறக்காத.”

அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை அழவைத்தது. அத்தனை நாள் ஒரு துண்டுக் கறிகூட எடுத்துப் போக மாட்டேன் என்று முறைத்துக்கொண்டு நின்றவன், மறுநாள் விடியும்போதே சந்தைக்குப் போய் நல்ல கறியாகப் பார்த்து வாங்கி வந்தான். தாடையும் கழுத்தும் சேர்ந்த பெரிய துண்டு, மரியாதைக்குரியவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாகம். லம்ரியா சமைத்தாள். வெங்காயம் உரிக்கும்போது கண்ணீரைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

தும்பாக்கின் வீட்டில் பாய் விரித்திருந்தார்கள். குலத்துப் பெரியவர்கள் சிலர், வண்டி நிறுத்தத்து ஆட்கள் சிலர். தும்பாக் சுவரில் சாய்ந்து, கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சகாலா கறிப் பாத்திரத்தை அவர் முன்னால் வைத்தான். குனிந்த தலையோடு சொன்னான்: “மச்சான், பிஸ்டன்ல குறையில்ல. ஆனா எண்ணெய் போற துளைய என் பசை அடைச்சிருந்தது. உங்க மேல பழி போட்டு நான் பேசினது தப்பு. உங்க காலு என்னால போச்சு.”

யாரும் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வந்தவர்களுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தும்பாக் தாடையைச் சொறிந்துகொண்டார்.

“தொட்டி மூடியத் திறந்து எண்ணெய் சுத்தி வருதான்னு தெனமும் பாக்கச் சொன்ன. நான் பாக்கல மாப்பிள்ள. மழைன்னு சோம்பல். அதையும் சேத்துக்க.”

அறை முழுக்க ஒரு தளர்வு பரவியது. கொம்கொம் கனைத்துச் சிரித்தான். ஒரு பெரியவர் நல்ல வார்த்தை சொல்லத் தொண்டையைச் செருமினார். ரோந்தாங் உள்ளே போனாள். மன்னித்தோம் என்பதற்குப் பெண் வீட்டார் மீன் வைத்து உபசரிப்பது முறை. மஞ்சளும் காட்டு மிளகும் போட்டு முழுசாகச் சமைத்த கெண்டை மீனோடு அவள் திரும்பி வந்தாள்.

இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். லம்ரியா அதை அறிவாள். கணவன் மானத்தோடு எழுந்திருப்பான், நவுலி மாமா வீட்டில் சாப்பிடுவாள். ஆனால், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுவாள் என்று அண்ணன் சொன்ன வார்த்தை தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இந்த மீனைத் தின்றால் அது இறங்காது.

“அண்ணே, பசை பூசினது நான்” என்றாள். “அவர் எனக்காகச் சொல்றார். போன தடவ கசியுதுன்னு சொன்னியே. அதனால உன் வண்டிக்கு மட்டும் ரெண்டாந்தரம் பூசினேன். அதுதான் போய் அடைச்சது.”

ரோந்தாங் மீன் தட்டோடு நின்றாள். மாப்பிள்ளை தப்பு செய்தால் கறி உண்டு, மீன் உண்டு. கூடப்பிறந்தவள் அண்ணன் காலை உடைத்தால் அதற்கு என்ன முறை என்று அங்கிருந்த எந்தப் பெரியவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவள் தட்டை வைத்தாள். முறைப்படி, மீனின் தலை மன்னிப்புப் பெற்ற சகாலாவைப் பார்த்து இருக்கும்படி திருப்பினாள். எல்லாரும் சாப்பிட்டார்கள். தும்பாக்கும் சாப்பிட்டார். தங்கையை மட்டும் பார்க்கவில்லை. அவள் கிளம்பும்போது போய்வருகிறேன் என்றாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது சகாலா, “முடிஞ்சு போனதத் தோண்டி எடுத்த” என்றான். “இனி ஊர்ல என்ன பேசுவாங்கன்னு யோசிச்சியா?”

“யோசிச்சேன்.”

“அப்புறம்?”

“அப்புறமும் சொல்லணும்னு தோணுச்சு.”

ஊர் அவன் பயந்தபடியேதான் பேசியது. சகாலாவின் கை தங்கம், அவன் பெண்டாட்டி தொட்டால்தான் ஆபத்து என்றார்கள். எஞ்சின் கொண்டுவந்தவர்கள் தயங்கித் தயங்கி, அவள் கை படக்கூடாது என்று ஒரு நிபந்தனை சொன்னார்கள். அவன் பதில் சொல்வதற்கு முன்னால் லம்ரியாவே பசை டப்பாவையும் கத்தரிக்கோலையும் பட்டறைப் பலகையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதன்பின் சகாலாவே அட்டை வெட்டினான். கோணல் மாணலாக வெட்டினான். பசை கெட்டியாகப் பூசப் பயம், மெல்லியதாகப் பூசினால் கசிவு. வண்டிகள் நின்ற இடமெல்லாம் கறுப்பு வட்டம் விழுந்தது. கொம்கொமின் கால்சட்டை முழங்காலிலிருந்து கீழே எண்ணெய் ஊறி விறைத்துப்போனது. லேத் ஓடியது, தட்டுகள் கிணுகிணுத்தன, லம்ரியா அரிசி கழுவினாள். சுவருக்கு அந்தப் பக்கம் லாரி அச்சு இரும்பு கடையும் சத்தம் பல நாள் கேட்டது. அண்ணன் எஞ்சினுக்குப் புதுக் கிராங்க் பின் கடைகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு தடவைக்கு நூலளவுதான் சீவுகிறான், சத்தத்திலேயே தெரிந்தது. அவள் எட்டிப் பார்க்கவில்லை.

மழை விட்டிருந்த ஒரு காலையில் வாசலில் கொம்கொமின் வண்டி நின்றது. கூண்டிலிருந்து ஒரு கைத்தடி முதலில் வெளியே வந்தது, பிறகு தும்பாக். பட்டறைக்குள் நொண்டிப் போய் ஒரு எண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். மேசைமேல் அவருடைய கிராங்க் பெட்டி பாதியாகத் திறந்து கிடந்தது.

“லம்ரி” என்று கூப்பிட்டார்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றாள்.

“பம்புக்கு அட்டை வெட்டு.”

“அவர் வெட்டுவார்.”

“அவன் வெட்டின லட்சணம் இந்தப் பய கால்சட்டையில தெரியுது.”

சகாலா தலையைக் குனிந்துகொண்டு போல்ட் துடைத்தான். கொம்கொம் கால்சட்டையைப் பார்த்துக்கொண்டான்.

“எனக்குக் கை வராதுண்ணே. வேற ஆளப் பாரு.”

“வேற ஆளு பூசி, தப்பாப் போனா, அவன் வாயத் திறப்பானா?” தும்பாக் தடியைத் தரையில் ஊன்றினார். “அன்னிக்கு நீ சும்மா இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அவன் சொன்னத நம்பி மீனத் தின்னுட்டுப் போயிருப்பேன். எனக்கு உன் மேல கோவம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ராத்திரி கால் வலிக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டுறேன். திட்டிட்டு, வேற யாரு கையில இந்த எஞ்சினக் குடுக்கலாம்னு யோசிச்சா ஒருத்தனும் தோணல. பூசு. மெலிசாப் பூசு. பூசின பெறகு எண்ணெய் வருதான்னு நானே பாக்குறேன்.”

அவள் பசை டப்பாவை எடுத்தாள். மூடி காய்ந்து ஒட்டியிருந்தது. சகாலா எழுந்து வந்து அதைத் திருகித் திறந்து அவளிடமே கொடுத்தான்.

அட்டை வெட்டினாள். துளைக்கு நேராக இருந்த இடத்தில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அகலமாக வெட்டினாள். பசையை நகக்கண்ணால் தொட்டு, ஓரத்தில் மட்டும் தடவினாள். சகாலா பம்பை வைத்து இறுக்கினான். எண்ணெய் ஊற்றினான். தும்பாக் தகரத்தோடு முன்னால் நகர்ந்து வந்து, பெட்டியின் மேல்பக்கம் எண்ணெய் வந்து சேர வேண்டிய துளையின்மேல் தன் சுட்டுவிரலை வைத்துக்கொண்டார். லம்ரியா பம்பின் தண்டைப் பிடித்து விரலால் சுற்றத் தொடங்கினாள்.

சுற்றினாள். ஒன்றும் இல்லை. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு ஜன்னலைப் பார்த்த கண்கள். அவள் பார்வையை எடுக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தாள். விரல் நுனி சிவந்தது.

தும்பாக்கின் புருவம் அசைந்தது. விரலைத் தூக்கிப் பார்த்தார். அதன் நுனியில் எண்ணெய் ஒரு சொட்டாகத் திரண்டு, வழிந்து, மணிக்கட்டுக்கு இறங்கியது.

“வருது” என்றார்.

அதற்குப் பிறகு எஞ்சின் கொண்டுவந்த வண்டிக்காரர்கள் எல்லாரும் தாங்களும் அப்படி விரல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். முதலில் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டார்கள். பிறகு லம்ரியாவே கூப்பிட்டாள். மேசையருகே நிறுத்தி, விரலைப் பிடித்துத் துளைமேல் வைத்துவிட்டு, அவள் சுற்றுவாள். அவர்கள் வாயால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்வரை, எத்தனை அவசரக்காரனுடைய எஞ்சினாக இருந்தாலும் அவள் மூடவிடுவதில்லை.